அடங்கிய விசிறி

புதுப்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கப் போகிறார்கள் என்றால், சில்வியா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். நல்லம்பள்ளியில் தக்காளித் தோட்டத்தைப் பார்த்த மாடியறைதான் அவள் அலுவலகம். ஜன்னலில் வெயில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அவள் மனமோ எங்கோ, அந்தப் பெட்டி இருக்கும் குளிர்ந்த அறைக்குள் இருக்கும்.

அந்தப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். ஒரு கட்டடத்தின் கணினிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது. வெறும் பெட்டியாகத்தான் வந்து இறங்கும். மின்சாரம் கிடைத்ததும் தானே வலையில் விசாரித்து, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்தை சில்வியாவின் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும். தன் பெயரையும் வேலையையும் தெரிந்துகொள்ளும். யாரும் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டாம். அதுவரை அதன் விசிறி அலறும். இயங்குதளம் ஏறியதும் அடங்கும்.

"கண்ணு முழிச்சிருச்சு" என்பாள் சில்வியா.

"தண்ணி கட்டாம தக்காளியே காய்க்க மாட்டேங்குது. உன் பொட்டி மட்டும் தானா வளருதா?" என்பார் அப்பா கஸ்பார்.

போன வாரம் பொம்மிடியில், ஒரு மருத்துவமனையின் புதுக்கட்டடம். மறுநாள் குறைமாதக் குழந்தைகளை அங்கே மாற்றுகிறார்கள். அவர்களுடைய மூச்சும் துடிப்பும் நர்சுகளின் திரைக்கு இந்தப் பெட்டிகள் வழியாகத்தான் போக வேண்டும். எலக்ட்ரீஷியன் பச்சியப்பன், கைப்பேசியில் சில்வியா கேட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக இணைத்தார். ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியாக இணைத்தது அடங்கவில்லை.

"மேடம், இது கத்திக்கினே இருக்குதுங்க. கொழந்தைங்க வார்டுக்குப் போறதே இதுதானுங்க."

சில்வியா கண்ணைத் திறந்தாள். தான் எழுதிய நிரலில் பிழையோ? திரையைப் பார்த்தாள். மற்ற பெட்டிகள் வலையில் தங்களுக்கு ஒரு முகவரி கேட்ட வரிகள் இருந்தன. இது இன்னும் எதையுமே கேட்கவில்லை. அப்படியானால் பிழை நிரலில் இல்லை. இது கேட்பதே சர்வருக்கு எட்டவில்லை.

"அண்ணா, கேபிள் சொருகின எடத்துல லைட் எரியுதுங்களா?"

"இல்லீங்களே."

"பக்கத்துல அதே மாதிரி இன்னொரு ஓட்டை இருக்கும் பாருங்க. அதுல மாத்திச் சொருகுங்க."

"அட, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க மேடம்!"

திரையில் புதிதாக ஒரு வரி முளைத்தது. அலறல் மட்டும் குறையவில்லை. பெருமழை ஓட்டின் மேல் இறங்குவதுபோல் அவள் காதில் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த மழை தோட்டத்தைத் தாண்டிப் போனது. பிறகு ஏதோ மலைக்கு அப்பால் பெய்தது.

"அடங்கிருச்சுங்க" என்றார் பச்சியப்பன், தாழ்ந்த குரலில்.

கஸ்பார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சில்வியா, சோறு ஆறுது…"

அவள் திரும்பாமலே உதட்டின் மேல் விரலை வைத்தாள்.