வேலிக்குள் வந்த மான்

காலையில் அந்தக் கம்பி வேலியில் கை வைத்தால் விரல் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு குளிர். ஹனோவருக்கு வடக்கே பைன் காட்டுக்குள் ஒரு மரவீடு. அதைச் சுற்றி இளம் மரக்கன்றுகள். கன்றுகளை மான் தின்னாதிருக்க ஆளுயர வேலி. எங்கள் ஊரில் முன்பு வேலை செய்த ஜெர்மன் எஞ்சினியர் துரையின் காணி அது. எழுபதுகளின் நடுவில் வேலி பார்க்கவென்று அவர்தான் எங்களைக் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரருக்கு ஹனோவரில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை பஸ்ஸில் வருவார், திங்கள் விடியப் போய்விடுவார். குறடும் கம்பிச் சுருளும் என் கைக்கு வந்தன.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அவர்களின் பாஷை தெரியாது. தெரிந்த பாஷையிலேயே பேசக் கூச்சம். "என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்ற சொல்லை எட்டு மாதம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். சனிக்கிழமை அவரின் களைத்த முகத்தைக் கண்டதும் சொல்லை விழுங்கிவிட்டுச் சோற்றைப் போடுவேன். அவரோ சாப்பிட்டுக்கொண்டே, "வாசல் படலையை மட்டும் திறந்து விட்டிடாதையும். மான் கன்றைக் கடிச்சா, துரை எங்களைக் கடிப்பார்" என்பார்.

ஆகவே நாள்தோறும் உள்ளே சுற்றினேன். கம்பியில் முயல் மயிர் ஒட்டியிருக்கும். வெளியே நரியொன்று ஒரே நேரத்துக்குப் போகும், என்னைத் திரும்பியும் பாராது. ஒருநாள் காட்டுப்பன்றி கிண்டி அடிக்கம்பியைத் தூக்கிவிட்டிருந்தது. இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் அயல்வீட்டுக்குப் போய்வர வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழையும் இடைவெளி, விடுவோம். பொட்டில்லாத வேலி கோபக்காரர் வீட்டு வேலி. அயலே இல்லாத காட்டில், யாருக்கென்று தெரியாமலே, கூர்முனைகளை மடித்து அதை ஒரு பொட்டாக்கிவிட்டேன். கை தானாகச் செய்தது.

அடுத்த சனிக்கிழமை காலை உள்ளே ஒரு பெட்டை மான் நின்றது. வந்த வழி அதற்கு மறந்துபோயிற்று. வேலியோரமாக ஓடும், மூலையில் முட்டும், திரும்பி ஓடும். மூக்கில் இரத்தம். படலையை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அது வரவில்லை. நான் நிற்கும்வரை வராது என்று விளங்கியதும் வெளியே நடந்தேன். அதன் கண்ணில் படாத தூரம் மட்டும் போவோம் என்றுதான் நினைத்தேன். கால் நிற்கவில்லை. தார்ரோட்டில் பஸ் நிற்கும் இடம்வரை போய்விட்டேன். தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல்தரம்.

பஸ்ஸால் இறங்கியவர் திகைத்துப்போனார். "என்ன நீர் இஞ்ச? வீட்டுச் செருப்போட!"

"மான் உள்ளுக்கு வந்திட்டுது. படலையைத் திறந்து விட்டிட்டன்."

அவர் ஓட்டமும் நடையுமாக முன்னே போனார். படலை திறந்தபடியே கிடந்தது. மான் இன்னும் வேலியோரம் ஓடிக்கொண்டிருந்தது.

"விசர் மான். இவ்வளவு பெரிய வாசல் தெரியுதில்லையோ?"

"அதுக்குத் தெரியேல்லை. எனக்குத் தெரிஞ்சிட்டுது" என்றேன். "திங்கக்கிழமை நானும் உங்களோட வாறன். இனி இஞ்ச இருக்க எனக்கு ஏலாது."

அவர் மானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேலியை ஆர் பாக்கிறது?"

"சனிக்கிழமையில நீங்கள் வந்து பாருங்கோ."

"அறை சின்னனப்பா."

"நானும் சின்ன ஆள்தானே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம், வாரும்" என்றார்.

இப்போது கொலோனில் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். அவர் இல்லை. கதை கேட்கும் பேரப்பிள்ளைகள், மான் எப்படி வெளியே போனது என்று கேட்பார்கள். நான் பார்க்கவில்லை. உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.