அது மச்சம் இல்லை

தாணு அண்ணன் போய்விட்டார். இன்று காலை, நாகர்கோவிலில், தங்கச்சி மகன் வீட்டில்.

எனக்குச் செய்தி வந்ததே நாங்கள் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் பேஸ்புக் பேஜிலிருந்துதான். போட்டோவுக்கு மேலே ஒரு விளக்குப் படம், கீழே "எங்கள் கடையின் ராசியான கை ஓய்ந்தது".

ராசியான கையாம்... பேஜை நடத்துகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் தாத்தாவுக்கு, எங்கள் முதலாளிக்கு, எல்லாம் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெரு. அண்ணன் அங்கே கடையில் சேல்ஸ்மேன், நான் பில் போடுகிறவன்.

அவருக்கு வலது அக்குளில், மார்பை ஒட்டி, பழுப்பாக ஒரு மச்சம். கோட்டைக்குள் கோவிலுக்குப் போனால் ஆண்கள் சட்டையைக் கழற்றத்தானே வேண்டும்... அங்கே முதலாளி பார்த்துவிட்டார்.

"அக்குள்ள மச்சம்லா! லெச்சுமி கெடக்கா டே அதுல!" அன்றிலிருந்து கடையில் அவர் பெயர் மச்சக்காரன்.

தினமும் போணி அவர் கையால்தான். முதல் துணியை அவர் கிழித்துக் கொடுத்தால்தான் முதலாளிக்குக் காப்பி இறங்கும்.

பிறகு அந்த மச்சத்துக்கு அடியில் ஒரு கட்டி வந்தது. துணிக்கட்டு தூக்கியதில் நெறி கட்டியிருக்கிறது என்றார்கள், பற்றுப் போட்டார்கள். மச்சத்தில் கத்தி வைத்தால் ராசி போய்விடும் என்று முதலாளி வேறு பயமுறுத்திவிட்டார்.

அண்ணனுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வித்துராவில் பெண். ஊர்ப் பெயரைச் சொன்னாலே மனிதருக்கு முகம் சிவக்கும்.

மச்சத்திலிருந்து நீர் கசிந்து சட்டை நனைந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூடப் போனது நான்.

மலையாளி சர்ஜன், நல்ல மனிதர். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மறுகல்ல கேட்டோ. முலக்கண்ணாணு."

மச்சம் இல்லையாம், முலைக்காம்பாம். சிலருக்குப் பிறவியிலேயே அக்குளில் கொஞ்சம் மார்புச் சதை கூடுதலாக இருக்குமாம், ஆணுக்கும் இருக்கலாமாம்.

கட்டியில் ஒரு துணுக்கு வெட்டி டெஸ்ட் செய்தார்கள். அந்தக் கூடுதல் சதையில்தான் கேன்சர்.

அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சாரே, நான் பொழச்சிருவேம்லா? சித்திரையில கல்யாணம்."

"நோக்காம்," பார்க்கலாம் என்றார் சர்ஜன்.

கட்டியோடு அக்குளில் இருந்த நெறிகளையும் வழித்து எடுத்தார்கள். பிறகு மெட்ராஸில் கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷனை அப்படித்தான் சொல்வோம், தோல் கருகிப்போனது. அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார்.

தாங்க முடியாதது ஆபரேஷன் முடிந்து கிடந்த அந்த வார்டுதான்... அபூர்வமான கேஸ் ஆயிற்றே! தினமும் ஸ்டூடன்ட்ஸ் கூட்டம் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், பெண்பிள்ளைகள் உட்பட.

"கை பொக்கு." தூக்குவார். அடுத்த கூட்டம் வரும், மறுபடி "கை பொக்கு." தையல் இழுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவார்.

"போணிக்கு நிக்கச்சில கூட என்னைய இத்தன பேரு பாத்ததில்ல டே," என்று ஒருநாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண்ணின் அப்பா ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பொம்பளைக்கி வாற தீனம்லா வே இது... எம்மககிட்ட நான் என்னன்னு சொல்லுகது?"

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பழம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்து கறுத்தது.

ஆனால் பிழைத்து வந்தார். கடைக்குத் திரும்பிய அன்று காலை, பழையபடி முன்னால் நின்று போணிக்குத் துணியை எடுத்தார்... முதலாளி அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"நீ பொறத்த கோடவுன்ல இரி டே. போணி சமயத்துல முன்னால வராண்டாம்."

எமனையே ஏமாற்றிவிட்டு வந்த கை. அதற்கு ராசி இல்லையாம், இதை எங்கே போய்ச் சொல்ல?

ரிட்டையராகிற வரை கோடவுன்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

என்னோடு கோவிலுக்கு வருவார், கிழக்கு நடை வாசலில் சட்டையோடு நின்றுவிடுவார். "நீ போயித் தொழுதுட்டு வா டே. நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்."

ராசியான கை என்று போட்டிருக்கிறீர்களே, பிள்ளைகளா... அந்த வரியை எடுத்துவிடுங்கள். போட்டோ இருக்கட்டும்.

அண்ணே, போயிட்டு வாங்க. கையக் கீழ போட்டுக்கிடுங்க... இனி யாரும் தூக்கச் சொல்ல மாட்டாங்க.