காப்புக் கட்டிய வாரத்து லாரிக் கணக்கு

இங்கே சாலையே லாரியை எடை போடுகிறது. கனடாவின் அல்பெர்ட்டாவுக்கு வந்த புதிதில் இதை நம்ப எனக்குச் சில நாட்கள் பிடித்தன. தாருக்குள் பதித்த பட்டைமேல் வண்டி ஓடிப்போகும். ஒவ்வோர் அச்சின் சுமையும் என் கணினியில் வந்து நிற்கும். அந்தப் பதிவுகளைச் சரிபார்த்து, சாலையின் தடிமனை முடிவுசெய்யும் பொறியாளர்களுக்கு அனுப்புவது என் வேலை.

சென்ற செவ்வாய்க்கிழமை, போன ஆண்டின் பதிவில் ஒரு வாரம் மட்டும் லாரிச் சுமை தாழ்ந்திருந்தது. "விடுமுறை வாரம். இதை நீக்கிவிடு. இதை நம்பிச் சாலை போட்டால் தாங்காது" என்றார் மேலாளர் டேவ். "எங்கள் ஊரில் அம்மன் லாரிகளை நிறுத்துவாள்" என்றேன். "தொழிற்சங்கத் தலைவியா?" என்று கேட்டார். விளக்கத் தெம்பில்லாமல் ஆமென்று தலையசைத்தேன்.

குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்ச் சாலைக்கு ஏழு நாள் வாகனக் கணக்கு எடுத்தவன் நான். டிப்ளமோ முடித்தவுடன் கிடைத்த வேலை. காண்ட்ராக்டர் குறித்த வாரத்தில், ஞாயிறு தொடங்கிச் சனி வரை சாலையோரம் உட்கார்ந்து கோடு போட்டேன். அந்த ஞாயிறுதான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்பு அவிழும்வரை குவாரியில் வெடி வைப்பதில்லை. ஜல்லி லாரி ஊரைக் கடப்பதில்லை. நான் எண்ணியதெல்லாம் பேருந்தும் டிராக்டரும்தான். ஒன்றையும் விடவில்லை, கூட்டவுமில்லை. காப்புக் கட்டு என்று டைரியில் குறித்தேன். படிவத்தில் அதற்கு இடமில்லை. ஆண்டுதோறும் வருவதால் ஊர்க்காரனுக்கு அது வழக்கமான வாரம்தானே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அச்சின் சுமை இரட்டித்தால் சாலையின் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

அந்தக் கணக்கை நம்பி மெல்லிதாகப் போட்ட சாலை கண்மாய்க்கரைமேல் போகிறது. தம்பி செல்வம் அதில் பள்ளி வேன் ஓட்டுகிறான். டேவிடம் பேசிய அன்றே அவனை அழைத்தேன்.

"முன்ன ரோட்டு வெடிப்புக்குள்ள விரல்தான் நொழஞ்சுச்சுண்ணே. இப்பக் கையே நொழையுது. ரோடு கண்மாய்ப் பக்கமா எறங்குது."

"வேற வழியில போடா."

"அங்கிட்டுப் பாலத்த இடிச்சுப் போட்டிருக்காக. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டுப் பறக்கவா? ஒன் டைரிய போட்டோ எடுத்து அனுப்பு, எஞ்சினியர்ட்டக் காட்டுறேன்."

அனுப்பினேன். வியாழக்கிழமை பேசினான்.

"பாத்தாருண்ணே. 'கணக்கு சரியாத்தான இருக்கு, ஒங்க அண்ணன் கையெழுத்துதான'ன்னு சிரிக்கிறாரு. மறுபடி எண்ணச் சொல்லி மனு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அதுவரைக்கும் ஓட்டணும்ல."

மறுநாள் காலை ஏழரைக்கு அவன் கரையில் ஏறும்போது இங்கே வியாழன் மாலை ஏழு. காரை ஓரங்கட்டி நின்றேன். கண்மாய் முட்ட நிறைந்திருக்கிறது என்று சொல்லியிருந்தான். முன்னும் பின்னும் ஜல்லி லாரிகள் வரும் நேரம். கரையைக் கடக்க நான்கு நிமிடம் போதும். எனக்கு முன்னால் பனி வழித்த சாலை ஒரு கீறல்கூட இல்லாமல் நீண்டு கிடந்தது. 'கடந்துட்டேன்' என்று செய்தி வந்தால்தான் அதில் வண்டியை எடுக்க முடியும். ஆறாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.