இன்னொரு கல் உப்பு

சூரமங்கலத்தில் ரயில் கொட்டகைச் சங்கு ஞாயிற்றுக்கிழமையும் ஊதும். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டு யாரும் விழுந்தடித்துக்கொண்டு ஓட மாட்டார்கள். கரி அள்ளுகிறவன், தண்டவாளம் சுமக்கிறவன், பெட்டிக்குச் சாயம் அடிக்கிறவன் எல்லாரும் வெயில் முகத்தில் விழும்வரை படுத்துக் கிடப்பார்கள். பிறகு எண்ணெய் தேய்த்துக் குளித்து, பத்து மணிக்குமேல் ஒரு பசியோடு கிளம்புவார்கள். பழைய சோற்றுக்கு நேரம் தப்பியிருக்கும். மத்தியானச் சோற்றுக்கு நேரம் ஆகியிருக்காது. அந்த இரண்டுங்கெட்டான் பசிக்கு ஊரில் ஒரே இடம்தான் இருந்தது. கந்தப்பனின் கள்ளுக்கடையும், அதை ஒட்டி ஓலைச் சாய்ப்பில் பாப்பாயி வைத்திருந்த சாக்கணாக் கடையும்.

சாக்கணா என்றால் கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி வகை. குடல்கறி, ஈரல் வறுவல், ரத்தப் பொரியல், சுட்ட கருவாடு. கந்தப்பன் கலயத்தில் ஊற்றிக் கொடுப்பான்; அதை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால் பாப்பாயி தொன்னையில் கறி போடுவாள். மத்தியானம் வரை பேச்சும் சிரிப்புமாக இருக்கும். குடும்பப் பெண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. பாப்பாயி மட்டும் அங்கேயே பதின்மூன்று வருஷம் இருந்தாள். அவளை ஒருவன் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொதிக்கிற குழம்பு மூஞ்சியில் விழுந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவள் பிறந்தது மல்லசமுத்திரம். கட்டிக்கொடுத்தது சூரமங்கலத்தில் ரயில் பாதைக்குச் சரளை கொட்டுகிற ராசுவுக்கு. கல்யாணமாகி ஆறாம் வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலில், ஊரெல்லாம் வாந்திபேதி வந்தது. ராசு காலையில் படுத்தான். மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்துவிட்டது. பாப்பாயி வாசலில் வந்து நின்று திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். இந்த உயிரை விட்டுவிடு, இனி என் ஆயுசுக்கும் கவிச்சி தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் ராசு போய்விட்டான்.

வேண்டுதல் பலிக்கவில்லை, அதனால் விரதமும் இல்லை என்று மற்றவர்களாக இருந்தால் விட்டிருப்பார்கள். பாப்பாயி விடவில்லை. சாமி பேச்சு மாறினால் நானும் மாற வேண்டுமா என்று கேட்டாள். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். பிடிவாதத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்துக் கொண்டாடுவது நம் ஊருக்குப் புதிதல்ல.

ஆறு மாதம் மல்லசமுத்திரத்தில் அண்ணன் வீட்டில் இருந்து பார்த்தாள். மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார்கள். அண்ணன் பெண்டாட்டி வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். இவள் சோறு உண்ணும்போது எதிரில் நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்கு நாலு அடி தேவலை. ஒரு நாள் விடியும்முன் சேலைத்துணி இரண்டை முடிந்துகொண்டு நடந்தே சூரமங்கலம் வந்துசேர்ந்தாள். கந்தப்பனுக்கு அப்போது சாக்கணா போட ஆள் தேவையாக இருந்தது. அன்றிலிருந்து அந்த ஓலைச் சாய்ப்புதான் அவள் வீடு, காடு, மானம் எல்லாம். இது போனால் மறுபடி அந்த மாட்டுக் கொட்டகைதான் என்பதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

கவிச்சி தொடாதவள் கறிக்கடை எப்படி நடத்துவாள்? அங்கேதான் சூட்சுமம். சமைப்பாள்; வாயில் வைக்கமாட்டாள். உப்புப் பார்ப்பது வாடிக்கைக்காரர்களின் வேலை. முதலில் வந்து உட்காருகிறவனுக்கு முதல் தொன்னையைக் கொடுத்து, “உப்புப் பாரு சாமி” என்பாள். கடைசி ஐந்தாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த முதல் தொன்னை கொட்டகையில் கரி அள்ளுகிற வீரபாகுவுக்குத்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். காலையிலேயே ஒரு கலயம் உள்ளே போயிருக்கும். ஒரு துண்டுக் குடலை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவான். கடையே அவன் வாயைப் பார்த்துக் காத்திருக்கும்.

“இன்னொரு கல்லு உழுகலாமுங்க அக்கா” என்பான்.

பாப்பாயி ஒரு கல் உப்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு சிட்டிகை போடுவாள். அடுத்த வாரம் அந்தச் சிட்டிகையையும் சேர்த்தே ஆரம்பத்தில் போடுவாள். அன்றைக்கும் வீரபாகு இன்னொரு கல் கேட்பான். வெற்றிலை போடுகிறவனுக்குச் சுண்ணாம்பு கூடிக்கொண்டே போகிற மாதிரி, தெரியாமல் ஏறிக்கொண்டே போயிற்று. கள் குடித்த நாக்குக்கு எதுவும் உறைக்காது. உறைக்காத நாக்கை நம்பித்தான் அந்தக் குழம்பு பதின்மூன்று வருஷம் கொதித்தது. கந்தப்பனுக்கு மட்டும் விஷயம் புரிந்திருந்தது. உன் உப்புதான் என் வியாபாரம் என்று அடிக்கடி சொல்வான். தாகம் எடுத்தவன் மறுகலயம் கேட்பான் என்பது அவன் கணக்கு. பாப்பாயி அதைத் தன் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

கறி வாயில் இருக்கும்போதே ஆண்கள் வீட்டுச் சோற்றைத் திட்டுவார்கள். அதிலும் வீரபாகுவின் வாய்க்கு எல்லாரும் சிரிப்பார்கள். “எங்கூட்டுக்காரி கொழம்பு வெச்சா வைக்கோலை அவிச்ச மாதிரி இருக்குமுங்க” என்பான். பாப்பாயியும் சிரிப்பாள். உண்மையைச் சொன்னால் அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சோறு போட்டது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வீட்டுப் பெண்கள் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் புருஷன்மார் எல்லாரும் தன் கைக்குத்தான் அடிமை என்று ஒரு நினைப்பு உள்ளே குறுகுறுவென்று இருந்தது.

முப்பத்தேழில் சர்க்கார் உத்தரவு வந்தது. சேலம் ஜில்லா முழுக்க அக்டோபர் முதல் தேதியோடு கள், சாராயம் எதுவும் கிடையாது. பெண்கள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்கள். கந்தப்பன் பானைகளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பருத்தி வியாபாரம் பார்க்கப் போவதாகச் சொன்னான். நீயும் கடையைக் கட்டு பாப்பாயி என்று நல்லதனமாகத்தான் சொன்னான்.

“கள்ளு போனாப் போவுதுங்க. அவங்க என்ற கறிக்குத்தான வந்தாங்க” என்றாள் பாப்பாயி.

கந்தப்பன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். ஏதோ சொல்லவந்து விழுங்கிக்கொண்டான். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். நம்மவர்களுக்குத் தேவையில்லாத இடத்தில்தான் இங்கிதம் வரும்.

முதல் ஞாயிறு சாய்ப்பைச் சாணி மெழுகிக் கோலம் போட்டாள். இனி இது சாப்பாட்டுக் கடை என்று களியும் சோறும் சேர்த்து ஆக்கினாள். வந்தவர்கள் பத்துப் பேருக்குமேல் இருக்கும். குளித்து, நீறு பூசி, தெளிந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களை அப்படிப் பார்க்கவே பாப்பாயிக்கு வேற்றாள் மாதிரி இருந்தது. வழக்கம்போல முதல் தொன்னை வீரபாகுவுக்கு. வாயில் போட்டான். மென்றான். கண்ணை மூடவில்லை.

“செரியா இருக்குதுங்க அக்கா” என்றான்.

முதல் தடவையாக இன்னொரு கல் கேட்கவில்லை. பாப்பாயி மனம் குளிர்ந்துபோனாள். யாரும் அதிகம் பேசவில்லை. தண்ணீர் மட்டும் செம்பு செம்பாகக் கேட்டார்கள். சோற்றை உருட்டி உருட்டிக் கறியை ஒதுக்கினார்கள். தின்றுமுடித்துப் போய்வருகிறோம் என்று எழுந்தார்கள். கள் இல்லாத துக்கம், போகப்போகச் சரியாகிவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நாலு பேர். அதற்கடுத்த வாரம் வெளியூர் ஆள் ஒருத்தன் வந்து, ஒரு வாய் வைத்து, பாதியில் எழுந்து போனான். புரட்டாசி மாதம், பாதிப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐப்பசி பிறந்தது. தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு ஆடு அறுத்த வாசம் வந்தது. அவள் சாய்ப்பில் மட்டும் ஈ மொய்த்தது. ஞாயிறுதோறும் ஆக்கி, சாயங்காலம் நாய்க்குக் கொட்டினாள். நாயும் மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அதையும் அவள் பார்த்தாள். நாய்க்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தாள். எடுத்து ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. சாமிக்குக் கொடுத்த வாக்கு அப்படி இறுகிக் கிடந்தது.

தீபாவளி கழிந்து இரண்டாம் ஞாயிறு, பதினோரு மணி இருக்கும். சாய்ப்புக்கு வெளியே ஒரு பெண் கையில் பித்தளைத் தூக்கோடு தயங்கி நின்றாள். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் ஒரு பக்கக் கன்னம் கிழவிக்குப் போல உள்ளே இழுத்திருந்தது. உள்ளே வரச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். வீரபாகு பெண்டாட்டி ராமாத்தாள் நான்தான் என்றாள். இத்தனை வருஷம் கேட்டுச் சிரித்த அந்த வைக்கோல் குழம்புக்காரி இவள்தான். பாப்பாயிக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. உட்காரச் சொன்னாள்.

ராமாத்தாள் உட்கார்ந்ததும் வந்த காரியத்தைச் சொன்னாள். இப்போதெல்லாம் அவர் அடிப்பதில்லை. ஆனால் பேசுவதும் இல்லை. போட்டதைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு தடவை நல்லா இருக்குது என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் அக்கா கைப்பக்குவத்தைக் கற்றுக்கொண்டு போகலாம் என்று வந்தேன் என்றாள்.

பாப்பாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறு வாரமாக ஒரு மனுஷர் வாயிலிருந்து வராத சொல். மசாலா அரைக்கிற பதம், குடல் கழுவுகிற விதம், எல்லாவற்றையும் மடைதிறந்த மாதிரி சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் சட்டியிலிருந்து ஒரு தொன்னை போட்டு நீட்டினாள்.

“உப்புப் பாரு அம்மிணி” என்றாள்.

ராமாத்தாள் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். முகம் சுருங்கியது. துப்பினால் மரியாதை இல்லை என்று கஷ்டப்பட்டு விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொன்னையைக் கீழே வைத்தாள்.

“இதையா அவரு நல்லா இருக்குதுன்னாரு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்புறம் அவள் சொன்னதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்து எழுந்து, ராத்திரிச் சோற்றில் கைவைத்ததும் தட்டு பறக்கும். உப்பில்லை, உறைப்பில்லை என்று கத்துவார். இவள் இரண்டு கல் கூடப் போட்டாள். போதவில்லை. கைநிறையப் போட்டாள். பிள்ளைகள் தின்னமுடியாமல் அழுதன. அவைகளுக்கென்று வேறு சட்டியில் ஆக்கினாள். அப்படியும் போதவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, பாப்பாயி கறி மாதிரி வைக்கத் துப்பில்லாதவளே என்று சொல்லி, பித்தளைச் செம்பால் தாடையில் அடித்தார். நாலு பல் ஒன்றாகப் போயிற்று. எனக்குத்தான் கை விளங்கவில்லை போலிருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

பாப்பாயி தொன்னையை எடுத்தாள். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு துண்டுக் கறியை வாயில் வைத்தாள். கறியின் ருசி தெரியவே இல்லை. உப்பு நாக்கைச் சுருட்டியது. இதைத் தின்றுவிட்டுத்தான் அன்றைக்கு வீரபாகு செரியா இருக்குதுங்க அக்கா என்றான்; மற்றவர்களும் போய்வருகிறோம் என்று எழுந்துபோனார்கள். வெளியே ஓடிப்போய்த் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தபோது ராமாத்தாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒருக்காவாச்சும் நீங்க வாயில வெச்சுப் பாத்திருக்கலாமுங்க அக்கா” என்றாள்.

“கவிச்சி தொடறதில்லீன்னு மலைச் சாமிக்கு வாக்குக் குடுத்தேன் அம்மிணி. என்ற ஊட்டுக்காரரு உசிருக்கு.”

ராமாத்தாள் கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்துக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“உங்க வேண்டுதலுக்கு எம்பல்லுங்களா காணிக்கை?”

ராமாத்தாள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வாங்கிக் குடித்துவிட்டு, காலித் தூக்கை எடுத்துக்கொண்டு, வாரேனுங்க என்று சொல்லிப் போனாள்.

கார்த்திகை பிறப்பதற்குள் பாப்பாயி மல்லசமுத்திரம் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் மறுபடியும் மாட்டுக் கொட்டகையில் இடம் ஒழித்துக் கொடுத்தார். அண்ணன் பெண்டாட்டி அவளை அடுப்படிக்குள் விடவில்லை. விட்டிருந்தாலும் பாப்பாயி போயிருக்க மாட்டாள்.