வாய் திறக்காத தமுக்கு

செஞ்சியிலிருந்து வல்லம் போகிற வழியில் அனந்தமதிக்கு ஒரு துண்டுக் கொல்லை உண்டு. புருஷன் போன பிறகு அந்த வேர்க்கடலைக் கொல்லைதான் அவளுக்குச் சோறும் மானமும். பங்குனியில் மேல்சித்தாமூர்ச் சமணர் கோயில் தேர் பார்த்து, பகவானைக் கும்பிட்டுத் திரும்பியவள் கொல்லையில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். நாலு மூலையிலும் வெள்ளையடித்த கல்.

நேரே கர்ணம் கோதண்டராமன் வீட்டுக்குப் போனாள்.

“சர்க்கார் எடுக்குதும்மா. ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்னு தமுக்கு அடிச்சாச்சு. யாரும் வரல. ஒரு நாள் கெடு, முடிஞ்சி போச்சி.”

“எதுக்கு எடுக்கறாங்க?”

“அது மேலிடத்து விஷயம். எனக்கே தெரியாது.”

முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

தமுக்கு அடித்தது என்றைக்கு என்று விசாரித்தாள். தேர் அன்றைக்காம். தேர் என்றால் அவளைப் போன்ற சமண நைனார் குடும்பம் ஒன்றுகூட ஊரில் இருக்காது. செஞ்சியில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி, கர்ணத்துக்குத் தெரியாதா? அதற்கப்புறம் அவளுக்கு ஜீப் சத்தம் கேட்டாலும் சந்தேகம், யாராவது சிரித்தாலும் சந்தேகம். பக்கத்துக் கொல்லை செல்லப்பன் “சாப்டியாம்மா?” என்று கேட்டால்கூட, இவன் கொல்லையில் மட்டும் ஏன் கல் இல்லை என்றுதான் மனசு ஓடியது.

தமுக்கு அடிக்கிற கோவிந்தசாமியைக் குளத்தங்கரையில் பிடித்தாள்.

“இன்னா சொல்லி அடிச்சே?”

“ஒண்ணும் சொல்லலம்மா.” அவன் குரல் இறங்கியது. “அடி, ஆனா வாயத் தொறக்காதேன்னாரு கர்ணம். சர்க்கார் ரகசியமாம். தெருத்தெருவா அடிச்சிட்டு வந்துட்டேன். தைலம்மா வந்து யார் மாடு காணாமப் போச்சின்னு கேட்டா. அதுக்கும் தலைய ஆட்டி வச்சேன்.”

“சந்தையன்னிக்கு மறுபடி அடி. சேதிய நான் சொல்றேன்.”

“வேல போயிடும்மா.” கொஞ்சம் யோசித்தான். “தமுக்கு வூட்டு ஆணியிலதான் தொங்குது. யாரு எடுத்தாங்கன்னு நான் பாக்கல. எனக்கும் ஒரு ரகசியம் இருக்கட்டுமே.”

தோல் சாமான் தொடாத கை அவளுடையது. “பகவானே, பொறுத்துக்கோ” என்று எடுத்தாள். எறும்பை மிதிக்கப் பயப்படுகிற நைனார் வீட்டம்மா சந்தைக்கு நடுவில் நின்று தமுக்கு அடிப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

“எல்லாரும் கேளுங்க. என் கொல்லைய சர்க்கார் எடுக்குது. எதுக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஓட்டுக் கேக்கறப்போ வாசல் வாசலா வந்தவங்க, இதையும் வந்து சொல்லட்டும்.”

“பொம்பள தமுக்கு அடிக்கலாமா?” என்று வந்தார் கர்ணம்.

“அத வுடு, எதுக்குன்னு சொல்லுய்யா” என்றது கூட்டம். “நாளைக்கு எங்க கொல்லையில கல்லு மொளைக்காதா?”

அவர் வந்த வழியே போனார்.

ஆடி பிறக்கும் முன்னே நாலு கல்லையும் காணோம். யார் பிடுங்கினது என்று ஒருவரும் சொல்லவில்லை.

“அதான் கொல்லை மீண்டுச்சே, இன்னும் இன்னா?” என்றான் செல்லப்பன்.

“நட்டதுக்கும் காரணம் சொல்லல, புடுங்கினதுக்கும் சொல்லல. மீண்டுச்சின்னு ஒனக்கு யாரு சொன்னா?”

விதைத்தாள். விதைத்துவிட்டும் ஓயவில்லை. கொல்லைக்குப் போகும்போதெல்லாம் கர்ணம் வாசலில் நின்று, “ஐயா, எதுக்கு எடுத்தீங்க?” என்று மெதுவாகக் கேட்பாள். நாளடைவில் அவர் புழக்கடை வழியாகப் போகப் பழகிக்கொண்டார். ஒன்றும் தெரியாதவர் எதற்குப் புழக்கடையில் போகிறார் என்று அவள் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது.