தொங்கிய நூலும் கத்தரியக்காவும்

நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். எங்காவது ஒரு நூல் தொங்குகிறதா? தொங்கினால் அது குறையா, அழகா? குறை என்றால் அப்படி உங்களுக்குச் சொன்னது யார்? அழகு என்றால் அதைச் சொன்னது யார்? யோசித்துப் பதில் சொல்லுங்கள். இந்தக் கேள்வியில் ஒரு குடும்பத்தில் ஒருத்திக்கு வேலை போயிருக்கிறது, இன்னொருத்திக்குப் போகப் பார்த்தது.

ஷூ கம்பெனியில் அவளை எல்லோரும் கத்தரியக்கா என்பார்கள். தையல் கூடத்தின் கடைசி மேசை அவளுடையது. அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன், தைத்து முடித்த மேல்பாகங்கள் தட்டுத் தட்டாக அந்த மேசைக்கு வந்து சேரும். ஊசி நின்ற இடத்திலெல்லாம் நூலின் வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒட்ட வெட்டி, முனையைச் சூட்டுக்காற்றில் காட்டிச் சுருக்கி, பரிசோதகரிடம் தள்ளிவிட வேண்டும். கழுத்தில் நாடா கட்டித் தொங்கும் சின்னக் கத்தரியை அவள் வீட்டுக்குப் போனாலும் கழற்ற மறந்துவிடுவாள்.

பழக்கம் யாரை விட்டது? பேருந்தில் முன்சீட்டில் இருந்தவரின் காலரில் தொங்கிய நூலை அவள் வெட்டப்போய், அந்த மனிதர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் மேடைக்குப் போய் வாழ்த்துச் சொன்ன கையோடு மாப்பிள்ளையின் கோட்டில் நீட்டியிருந்த ஒரு வாலைக் கச்சென்று வெட்டிவிட்டு இறங்கினாள். அந்தப் புகைப்படத்தில் மாப்பிள்ளை மட்டும் கண்ணை இறுக மூடியிருக்கிறார்.

அவளுடைய அண்ணியும் அதே கூடத்தில் தையல் மெஷினில் இருந்தவள்தான். அண்ணன் இறந்த பிறகு இருவரும் கத்தரியக்காவின் மகளுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே டிபன் கேரியரில் இரண்டு பேருக்கும் சாப்பாடு போகும். அண்ணிக்குக் கண் கொஞ்சம் மங்கத் தொடங்கியபோது அவள் தைத்ததில் நூல் வால்கள் நீளமாக நின்றன. கத்தரியக்கா தன் மேசையில் அவற்றையெல்லாம் சரிசெய்து அனுப்பிவிடுவாள். அவள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில் அது நடக்கவில்லை. தவறு இருக்கும் இடத்தைக் காட்டப் பரிசோதகர் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் அண்ணியின் தட்டு முழுவதும் முளைத்தன. "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் அண்ணியை அனுப்பிவிட்டார்கள். ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் தீர்ந்திருக்கும் விஷயம். கண்ணாடியைவிட ஆளை மாற்றுவது சுலபம் என்று கணக்குப் போடுகிற உலகம் இது.

அன்றிலிருந்து டிபன் கேரியரில் ஓர் அடுக்கு குறைந்தது. அண்ணி, சும்மா இருக்கும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். கத்தரியக்காவுக்கு அதைப் பார்ப்பதுதான் பெரிய கொடுமை. 'நான் படுக்காமல் இருந்திருந்தால்' என்ற நினைப்பு செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கையில்தான் கம்பெனிக்குப் புது ஆர்டர் வந்தது. கம்பெனி ஷூ தைத்துக்கொடுக்கும் பெரிய பிராண்டும், தெருவில் ஸ்கேட்டிங் செய்யும் பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் விற்று மேலே வந்த ஒரு துணி பிராண்டும் சேர்ந்து ஒரு ஷூ போடப்போகின்றன. மகள்தான் வீட்டில் விளக்கம் சொன்னாள்.

"அதுக்குப் பேரு கொலாப்ம்மா. ரெண்டு பிராண்டும் கூட்டுச் சேர்ந்து கொஞ்சமே கொஞ்சம் ஜோடி போடுவாங்க. கடை திறக்கறதுக்கு முன்னாடியே ஜனம் வரிசையில நிக்கும்."

"ஓகோ, ரெண்டு பெரிய வீடு சம்பந்தம் பண்ணிக்குதுன்னு சொல்லு" என்றாள் அண்ணி, துணி மடித்துக்கொண்டே.

"கரெக்ட் அத்தை. பெட்டி மேல ரெண்டு பேர் பேரும் இருக்கும்."

"பத்திரிகையில மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு பேரு போடுவாங்க. சமையல்காரங்க பேரை எவன் போடுவான்?" என்றாள் கத்தரியக்கா. மூவரும் சிரித்தார்கள். பல நாளைக்குப் பிறகு அண்ணி சிரித்தது அன்றுதான்.

அந்த ஷூவின் கதை இதுதான். துணி பிராண்டுக்காரர்களுக்கு மழமழப்பு பிடிக்காது. ஓரம் மடிக்காத துணி, பக்கவாட்டில் விரல் நீளத்துக்குத் தொங்கும் ஆரஞ்சு நூல்கள், பாதி வேலையில் எழுந்து போய்விட்டது போன்ற ஒரு தோற்றம். அதுதான் அவர்கள் கேட்டது. அந்தச் செய்தி படத்தோடு சூப்பர்வைசரின் கைபேசிக்கு வந்தது. அவர் தையல்காரர்களிடம் போய், "இந்த லாட்டுக்கு நூலை நீளமா விட்டுடுங்க" என்று சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. கடைசி மேசைக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. யாருக்கும் காரணம் சொல்லிப் பழக்கமில்லாத கூடம் அது. கேட்டுப் பழக்கமும் இல்லை.

தட்டுகள் வந்து இறங்கியதும் கத்தரியக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். சீப்பையே பார்க்காத தலைபோல ஒவ்வொரு ஷூவிலும் நூல் பறந்தது. 'எல்லாருக்கும் ஒரே நாளில் கண் மங்கிவிட்டதா? அவசர ஆர்டர் என்று விரட்டியிருப்பார்கள். பரிசோதகர் இதைப் பார்த்தால் எத்தனை பேர் அண்ணி மாதிரி வீட்டுக்குப் போவார்கள்?' என்று நினைத்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. அவள் எழவில்லை. டிபன் கேரியரைத் திறக்காமல் ஒவ்வொரு நூலாக வெட்டினாள். விரல் கன்றிப்போனது. சாப்பிட்டுத் திரும்பிய பெண் ஒருத்தி, "என்னக்கா, சாப்பிடலையா?" என்று கேட்டதற்கு, "உங்க தலையைக் காப்பாத்திட்டு இருக்கேன், போடி" என்றாள். நூலை நீளமாக விடச் சொன்னது எதற்கு என்று அவளுக்கும் தெரியாது; சிரித்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை துணி பிராண்டிலிருந்து ஓர் இளம்பெண் பார்வையிட வந்தாள். தலையில் தொப்பி, காலில் ஓட்டை விழுந்தது போன்ற ஷூ. மேனேஜர் பெருமையாக ஒரு மேல்பாகத்தை எடுத்து நீட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப க்ளீனா இருக்கு" என்றாள்.

"தேங்க்ஸ் மேடம்."

"இல்ல சார். நூல் எங்கே?"

மேனேஜரின் முகம் கறுத்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் மழமழ. தட்டு தட்டாக மழமழ. வரிசை நெடுகப் பார்த்துக்கொண்டே கடைசி மேசைக்கு வந்து நின்றார். மேசைக்கு அடியில் ஆரஞ்சு நூல் குவியல் ஒரு பூனை படுத்திருப்பது போலக் கிடந்தது.

"யார் வெட்டினது?"

"நான்தான் சார்" என்றாள் கத்தரியக்கா. சம்பளமே அதற்குத்தான் என்பதால் அதில் ஒளிக்க எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

"லாட் முழுக்க நாசம் பண்ணிட்டு நிக்கறியேம்மா! அந்த நூல்தான் டிசைனே! சூப்பர்வைசர், இந்தம்மாவைக் கணக்கு முடிச்சு அனுப்புங்க."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். "என்ன சார் பண்றது, நமக்கு நேரம் சரியில்ல" என்று முனகினார்.

கத்தரியக்காவுக்கு வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டு கைகள் நினைவுக்கு வந்தன. இன்று மாலை அவை நான்காகும். மகளின் படிப்பு அதோடு நிற்கும். ஆனால் வாயைத் திறந்ததும் பயம் கோபமாகிவிட்டது.

"நேரத்தை ஏன் சார் இழுக்கறீங்க? கடிகாரம் பாட்டுக்கு ஒழுங்காத்தான் ஓடுது. நூலை வெட்டக்கூடாதுன்னு எனக்கு யார் சொன்னது? நீங்க சொன்னீங்களா?"

சூப்பர்வைசர் கைபேசியைப் பைக்குள் போட்டார்.

"சொல்லுங்க சார். பதில் எனக்கு வேண்டாம், மேனேஜருக்குச் சொல்லுங்க."

"நான்... தையல்காரங்ககிட்ட சொன்னேன். இவங்ககிட்ட சொல்லல" என்றார் சூப்பர்வைசர்.

கத்தரியக்கா மேனேஜர் பக்கம் திரும்பினாள். "சார், நூல் தொங்குதுன்னு என் அண்ணியை வெளியே அனுப்பினீங்க. நூலை வெட்டினேன்னு இன்னைக்கு என்னை அனுப்பறீங்க. தொங்கினாலும் குத்தம், வெட்டினாலும் குத்தம்னா, குத்தம் நூல்ல இல்ல சார். எங்க கழுத்து கைக்கு எட்டற தூரத்துல இருக்கு, அதான் விஷயம்."

கூடத்தில் ஒரு மெஷின் நின்றது. அதற்குப் பக்கத்து மெஷின் நின்றது. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் கூடத்தின் எல்லா மெஷினும் நின்றிருந்தன. நேற்று "சாப்பிடலையா" என்று கேட்ட பெண் எழுந்து நின்றாள். "எங்களுக்கு சிவப்பு அம்பு ஒட்டக்கூடாதுன்னுதான் அக்கா பட்டினி கிடந்து வெட்டினாங்க. அவங்களை அனுப்பறதா இருந்தா, நூல் எப்படித் தொங்கணும்னு எங்களுக்குப் பதிலா வேற யாருக்காவது சொல்லிக் குடுங்க சார்" என்றாள்.

தொப்பிக்காரப் பெண் இதையெல்லாம் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் தொழிலில் எல்லாமே சரக்குதான். "சார், இது எவ்வளவு நல்ல கதை! அக்கா, உங்க கதையை ஒரு அட்டையில அச்சடிச்சு ஒவ்வொரு பெட்டியிலயும் போடலாமா?" என்று கேட்டாள்.

"கதையை அப்புறம் போடலாம்மா. முதல்ல என் அண்ணியை மெஷின்ல போடச் சொல்லு" என்றாள் கத்தரியக்கா.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. அந்தச் சிரிப்பில்தான் மேனேஜர் இறங்கி வந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை வேறு. கெடு நெருங்கிவிட்டது, வெட்டிய நூல் மறுபடி வளராது. ஒவ்வொரு மேல்பாகத்திலும் இன்னொரு வரிசை தையல் ஓட்டி நூலைத் தொங்கவிட வேண்டும். அதற்கு நிற்கிற மெஷின்கள் ஓட வேண்டும், பழகிய கைகள் இன்னும் வேண்டும். முதலாளிகளின் மனம் இளகுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். அதற்காக வெட்கப்பட வேண்டியது நாம் இல்லை.

அன்றே பேசி முடித்தார்கள். கத்தரியக்கா இருப்பாள். அண்ணி வருவாள், இந்த ஆர்டருக்கு மட்டும் இல்லை, நிரந்தரமாக. கண் பரிசோதனை கம்பெனி பொறுப்பு. புது ஆர்டர் எது வந்தாலும் ஒரு மாதிரி ஷூ ஒவ்வொரு மேசைக்கு மேலும் தொங்கும், கடைசி மேசை உட்பட. ஏன் அப்படி என்ற காரணத்தையும் சூப்பர்வைசர் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் டிபன் கேரியரில் மறுபடி இரண்டு அடுக்கு. புதுக் கண்ணாடி போட்ட அண்ணி முதல் வாரமே கத்தரியக்காவின் மேசைக்கு வந்து, "ஏய், உன் தலையில இவ்வளவு நரையா? இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள்.

"அதையும் வெட்டிடட்டுமா?"

"வேண்டாம். எவளாவது வந்து அதுதான் டிசைன்னு சொல்லுவா."

ஷூ கடைக்கு வந்தது. ஜனம் வரிசையில் நின்றது. மகள் கடை வாசலில் வாங்கியவர்களிடம் கேட்டு ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். மூடியில் இரண்டு பிராண்டுகளின் பெயர்களும் இருந்தன. உள்ளே ஓர் அட்டை; 'இந்தக் கைகள் உருவாக்கியது' என்ற வரி, மேலே ஒரு பெண்ணின் கை. கைபேசியில் எடுத்து வந்த படத்தை அம்மாவிடம் காட்டினாள்.

கத்தரியக்கா உற்றுப் பார்த்தாள். "இது என் கை இல்லையே. நகத்துல பாலிஷ் போட்டிருக்கு" என்றாள். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "பரவால்ல. இந்தத் தடவை கை வந்திருக்கு. அடுத்த தடவை பேர் வரும்" என்றாள்.

அது தானாக வராது. கூடத்தில் நின்று கேட்பது என்ற பாதிதான் அவள் கையில் இருக்கிறது. மறுபாதி பெட்டியைத் திறக்கும் உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை இரண்டு பெயர் போட்ட ஷூ ஒன்றை ஆசையாகக் கையில் எடுக்கும்போது, அழகான நூலோ ஒழுங்கான தையலோ கண்ணில் பட்டால், கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைத் தைத்தவர் யார்? அவருக்கு நல்லபடி வேலை நடக்கிறதா?" தனக்குத் தெரியாது என்பார். அந்த இரண்டு பிராண்டுகளுக்கும் அதே கேள்வியை எழுதி அனுப்புங்கள். பதில் வரும்வரை மறுபடி மறுபடி கேளுங்கள்.