சத்வா கஃபட்டீரியாவில் பெண் பார்த்த மாலை

"வெள்ளி மாலை, சத்வா. ரூம்காரர்கள் மூவரும் தனித்தனி மேஜை. முடிவு பிறகு." போன குளிர்காலத்தில் என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்.

எங்கள் துபாய் அறையில் நான்கு பேர். அதில் ஏசி டெக்னீஷியனான தூத்துக்குடிக்காரனுக்கு அன்று பெண் பார்க்கும் நாள். பெண் குமரிக் கடற்கரையிலிருந்து வந்த நர்ஸ். ஊரில் இரு வீட்டாருக்கும் சம்மதம். இவர்கள் இங்கே சந்திப்பதுதான் பாக்கி. ஏற்கெனவே இரண்டு இடம், "மாப்பிள்ளை வாயே திறக்கல" என்று தட்டிப் போயிருந்தது. இதையும் விட்டுவிடுவோமோ என்று பயந்தவன் எங்களையும் இழுத்து வந்தான்.

"பக்கத்துலயே இருங்கல. ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாதிய."

ஆளுக்கொரு மேஜையாக உட்கார்ந்தோம். அந்த நர்ஸ் வந்தார். "வெயில் கொறஞ்சிருக்கு" என்றான் இவன். "ஆமா" என்றார். இவன் மெனு அட்டையை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் டீ மாஸ்டர், கீழக்கரைக்காரர், எங்களுக்கெல்லாம் 'காக்கா', அதாவது அண்ணன், தட்டோடு வந்தார். யாரும் கேட்காமலே எனக்குச் சர்க்கரையில்லாத சாயா, மற்ற இருவருக்கும் இஞ்சி சாயா. பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி:

"என்ன தம்பிமாரே, ஒரே ரூம்காரங்க நாலு டேபிள அடைச்சுக்கிட்டு? சண்டையா? யல்லா, ஒண்ணா உக்காருங்க. கஸ்டமர் வெளிய நிக்கிறாங்க!"

நண்பனின் முகம் செத்துவிட்டது. நர்ஸ் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இத்தன பேரையும் காவலுக்குக் கொண்டுவந்தீங்களா?"

"எனக்குப் பேச வராதுங்க. பயந்துட்டேன்."

அவர் ஜன்னலோர மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே இரண்டு பெண்கள் மெனு அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்திருந்தார்கள். "ஏ பிள்ளைகளே, வாங்க. நம்ம நாடகமும் முடிஞ்சு போச்சு."

அவருடைய அறைத்தோழிகள்!

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் இவன் பேச ஆரம்பித்தான். கம்ப்ரஸரில் தொடங்கியவனை நிறுத்தத்தான் முடியவில்லை. கிளம்பும்போது அவர் கேட்டார்: "எங்க ரூம் ஏசில தண்ணி சொட்டுது. வந்து பாப்பீங்களா?"

நாட்குறிப்பில் "முடிவு" என்பதற்கு எதிரே அன்றே "சம்மதம்" என்று எழுதினேன். அடுத்த லீவில் கல்யாணம்.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. அந்தத் தோழிகளுக்கும் கேட்காமலேதான் சாயா போனது. அப்படியானால் காக்காவுக்கு இரு தரப்பையும் முன்பே தெரியும். வேண்டுமென்றே போட்டு உடைத்தாரா? கேட்டால், "எனக்கென்ன தெரியும் தம்பி, டேபிள் வேணுமில்ல" என்கிறார். உறுதி செய்ய இயலவில்லை.